கர்ப்பகால மல்டிவிட்டமின் டப்பா: உள்ள இருக்கிறது ஓகே, மேல எழுதியிருக்கிறதுதான் கோவம்

5க்கு 3 ஸ்டார். கம்பெனி பேரு போடல, ஏன்னா இது ஒரு கம்பெனி கதை இல்ல, மெடிக்கல் ஷாப்ல வரிசையா அடுக்கி வெச்சிருக்கிற ப்ரீநேட்டல் மாத்திரைல முக்காவாசி இதே லட்சணம்தான், டப்பா கலரு மட்டும் மாறும். ரெண்டாவது குழந்தைக்கு பிளான் பண்றப்ப வாங்க ஆரம்பிச்சேன், முழு டப்பாவா காலி பண்ணிட்டுதான் எழுதுறேன். "வாங்கலாமா வேணாமா"ன்னு மட்டும் கேக்குறவங்களுக்கு: கைல வேற எதுவும் இல்லன்னா வாங்குங்க, ஆனா வெறும் ஃபோலிக் ஆசிட் (பி9 விட்டமின்) சின்ன மாத்திரை கிடைச்சா அதுவே போதும், முக்கியமா கரு தங்குறதுக்கு முன்னாடி. ஏன்னு கேட்டா கொஞ்சம் நீளமாத்தான் சொல்லணும்.

மொதல்ல டப்பா படம். ஆறேழு மாச வயித்தோட ஒரு பொண்ணு, ரெண்டு கையையும் வயித்துமேல வெச்சுட்டு சிரிச்சுட்டு நிக்குது. அதுக்குக் கீழ "கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து"ன்னு கொட்டை எழுத்துல ஒரு வரி. அங்கதான் எனக்கு பிபி ஏறுது. இந்த மாத்திரைல எதுக்கு உறுதியான ஆதாரம் இருக்கோ, அந்த வேலை நடக்குறது இந்தப் படத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடி.

கரு உண்டாகி மூணாவது வாரத்துல அதோட முதுகுப்பக்கம் செல்லுங்கல்லாம் தட்டையா ஒரு தகடு மாதிரி இருக்கும், அந்தத் தகடோட ரெண்டு ஓரமும் மேல எழும்பி வளைஞ்சு நடுவுல ஒட்டி ஒரு குழாயா மூடிக்கும். நியூரல் டியூப்னு சொல்றது இதைத்தான், நரம்புக்குழாய். மேல்முனை மூளையாகுது, மிச்சம் தண்டுவடமாகுது. கரு உண்டான 28 நாளுக்குள்ள மூடி முடிஞ்சுடும், அதுக்கப்புறம் திரும்ப மூட சான்ஸே கிடையாது. இது ஒழுங்கா மூடுறதுக்குத்தான் ஃபோலிக் ஆசிட் வேணும். முதுகுல எங்கயாவது மூடாம விட்டுப்போச்சுன்னா ஸ்பைனா பிஃபிடா, அதுல கடுமையான வகைல தண்டுவடமே பை மாதிரி வெளிய பிதுங்கி இருக்கும், காலு, யூரின், மோஷன் எல்லாத்துலயும் வாழ்நாள் பூரா பிரச்சினை வரலாம். தலைப்பக்கம் மூடலன்னா அனென்செஃபலி, அந்தக் குழந்தை பொழைக்காது.

இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. பீரியட்ஸ் தள்ளிப்போய் டெஸ்ட்ல ரெண்டு கோடு வர்றப்பவே கரு உண்டாகி ரெண்டு வாரம் ஆயிருக்கும், பாக்கி இருக்கிறது இன்னும் ரெண்டு வாரம். அதுல "சரி அடுத்த வாரம் டாக்டரைப் பாக்கலாம்"னு அப்பாயின்ட்மென்ட் வாங்கி, போய், சீட்டு எழுதி வாங்கி, மாத்திரைய வாங்கி மொத மாத்திரைய முழுங்குறப்ப குழாய் மூடிருக்கும் இல்ல மூடாம நின்னிருக்கும், ரெண்டுல ஒண்ணு முடிவாயிருக்கும். இதுல இன்னொரு விஷயமும் இருக்கு, இன்னிக்கு முழுங்கினா நாளைக்கே உடம்புல ஃபோலேட் (இந்த பி9 விட்டமினோட பொதுப்பேரு) ஏறிடாது, தினமும் 400 மைக்ரோகிராம் போட்டா ரத்த சிவப்பணுல தேவையான அளவுக்கு வர்றதுக்கு ரெண்டு மூணு மாசம் பிடிக்கும். அதனாலதான் குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி, முடிஞ்சா மூணு மாசம் முன்னாடின்னு சொல்றாங்க. அப்ப "உறுதியான நாளிலிருந்து"ன்னு போடுற கம்பெனிய என்ன சொல்றது நீங்களே சொல்லுங்க.

நான் சும்மா இருக்கல, கஸ்டமர் கேர் சாட்ல கேட்டேன். "முன்னாடியே ஆரம்பிக்கணும்னு ஏன் டப்பால போடல?"ன்னு. "மேடம், எங்கள் தயாரிப்பு கர்ப்பிணிகளுக்கானது, மேலும் தகவலுக்கு உங்கள் மருத்துவரை அணுகவும்"னு பதில் வந்துச்சு. கர்ப்பிணி ஆகுறதுக்கு முன்னாடி எப்படிங்க கர்ப்பிணிகளுக்கான டப்பாவ வாங்குவாங்கன்னு திரும்பக் கேட்டேன், சாட் முடிஞ்சதுன்னு ஒரு ஸ்மைலி வந்துச்சு.

சரி உள்ள இருக்கிறதுக்கு வருவோம். டப்பா பின்னாடி இருபத்தி சொச்சம் ஐட்டம் லிஸ்ட் போட்டிருக்கு, எழுத்து எவ்ளோ பொடின்னா போன்ல ஃபோட்டோ எடுத்து பெருசாக்கித்தான் படிச்சேன். எத்தனை ஐட்டம் இருந்தாலும் பிறவிக் குறையத் தடுக்கும்னு ஆளுங்கள வெச்சு நல்லா நிரூபிச்சது அதுல ஒண்ணே ஒண்ணு, ஃபோலிக் ஆசிட். 1965லயே ஹிப்பர்ட், ஸ்மிதெல்ஸ்னு பிரிட்டன்ல ரெண்டு டாக்டருங்க அம்மாவுக்கு ஃபோலேட் பத்தாததுக்கும் நரம்புக்குழாய் குறைக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு எழுதினாங்க. ஆனா பெரிய லெவல்ல ஆராய்ச்சி பண்ணி முடிவு வர 1991 ஆயிடுச்சு. 7 நாட்டுல 33 சென்டர்ல, ஏற்கனவே ஒரு கர்ப்பத்துல இந்தக் குறை வந்த பெண்கள நாலு குரூப்பா பிரிச்சாங்க: ஒரு குரூப்புக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும், ஒரு குரூப்புக்கு மத்த விட்டமின் மட்டும், ஒரு குரூப்புக்கு ரெண்டும், கடைசி குரூப்புக்கு ரெண்டும் இல்ல. மொத்தம் 27 குழந்தைக்கு திரும்பவும் குறை வந்துச்சு, அதுல ஃபோலிக் ஆசிட் போட்ட ரெண்டு குரூப்புலயும் சேத்து 6தான், போடாத ரெண்டுலயும் சேத்து 21. கணக்குப்படி 72 சதவீதம் குறைவு. ரிசல்ட் அவ்ளோ தெளிவா இருந்ததால மேல இழுக்காம ஆராய்ச்சிய பாதிலயே நிறுத்திட்டாங்க. மத்த விட்டமினால எந்தப் பாதுகாப்பும் தெரியலன்னும் அதுலயே சொல்லிட்டாங்க, அந்த "மத்த விட்டமின்"ல ஏ, டி, சி, சில பி வகையெல்லாம் இருந்துச்சு. இந்த டப்பால பளபளன்னு எழுதியிருக்கிற அதே ஆளுங்கதான்.

முதல் தடவ கர்ப்பம் ஆகுறவங்களுக்கும் வேலை செய்யுமான்னு அடுத்த கேள்வி. 1992ல ஹங்கேரில 0.8 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் இருக்கிற மல்டிவிட்டமினைக் கரு தங்குறதுக்கு முன்னாடிலேர்ந்தே குடுத்துப் பாத்தாங்க, அந்த குரூப்ல ஒரு குழந்தைக்குக்கூட நரம்புக்குழாய் குறை வரல, விட்டமின் இல்லாத குரூப்ல 6 வந்துச்சு. அப்புறம் 1999ல சீனாவுலேர்ந்து வந்ததுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா அவங்க குடுத்தது வெறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட், வேற ஒண்ணும் கிடையாது. இந்தக் குறை நிறைய இருந்த வடக்குப் பகுதில 79 சதவீதம் குறைஞ்சது, ஏற்கனவே கம்மியா இருந்த தெக்குல 41 சதவீதம். அப்ப இந்த டப்பாவோட ஹீரோ யாருன்னு தெரிஞ்சுபோச்சு இல்ல, அது பொட்டு சைஸ்ல தனி மாத்திரையாவும் வருது, இந்த டப்பா மாத்திரை மாதிரி தொண்டைல சிக்காது.

சைஸப் பத்தி சொல்லியே ஆகணும். இவ்ளோ பெரிய மாத்திரைய மசக்கைல இருக்கிறவ எப்படி முழுங்குவான்னு டிசைன் பண்ணவங்க யோசிச்சாங்களான்னு தெரியல. மேல கோட்டிங் மெலிசு, நாக்குல ஒரு செகண்ட் நின்னாலே பி விட்டமின் வாடையும் இரும்பு ருசியும் கலந்து குமட்டும். ரெண்டா உடைச்சா இன்னும் மோசம், உள்ள இருக்கிற வாடை மொத்தமா வெளிய வரும். வெறும் வயித்துல போட்டா அன்னிக்கு காலைல அவ்ளோதான், ராத்திரி சாப்ட்டு படுக்கப்போறப்ப போட்டா பரவால்ல. யூரின் பளிச்சுன்னு மஞ்சளா போகும், பயப்படாதீங்க, அது பி2 வெளிய போறது. மோஷன் கருப்பா போறதும் இரும்புனாலதான், மலச்சிக்கலும் அதே புண்ணியவான்தான்.

இரும்பும் கால்சியமும் ஒரே மாத்திரைல இருக்கு, அதுக்கு அரை ஸ்டார் கட். கால்சியம் பக்கத்துல இருந்தா இரும்ப உடம்பு சரியா இழுத்துக்காது, அதனாலதான் டாக்டருங்க ரெண்டையும் வேற வேற நேரத்துல போடச் சொல்றாங்க. லிஸ்ட் நீளமா தெரியணும்னு ரெண்டையும் ஒண்ணா போட்டு அடைச்சு வெச்சிருக்காங்க. அயோடின் இல்லவே இல்ல, அதுக்கு ஒரு ஸ்டார் கட். அயோடின் விட்டமின் இல்லதான், தாதுதான், ஆனா கர்ப்பத்துல அயோடின் ரொம்பக் குறைஞ்சா குழந்தையோட மூளை வளர்ச்சியே அடிபடும், சப்ளிமெண்ட்ல 150 மைக்ரோகிராம் இருக்கணும்னு தைராய்டு டாக்டருங்க சங்கமே சொல்றாங்க. முடி வளர பயோட்டினுக்கு இடம் இருக்கு, இதுக்கு இடம் இல்ல. (தைராய்டு பிரச்சினை ஏற்கனவே இருக்கிறவங்க அயோடினைத் தானா எடுக்காதீங்க, கேட்டுட்டு எடுங்க.)

பி12 2.6 மைக்ரோகிராம் இருக்கு, சரியான அளவு, இதுக்கு பாராட்டு. அம்மாவுக்கு பி12 குறைவா இருந்தாலும் நரம்புக்குழாய் குறைக்கு ரிஸ்க் கூடுதுன்னு பாத்திருக்காங்க. அதோட ஃபோலிக் ஆசிடை மட்டும் பெரிய டோஸ்ல போட்டுட்டே இருந்தா பி12 குறையால வர்ற ரத்தசோகை மறைஞ்சுடும், நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்கும். அசைவம், பால், முட்டை எதுவும் தொடாதவங்க ஒரு தடவ ரத்தத்துல பி12 பாத்துட்டு ஆரம்பிக்கிறது நல்லது.

இப்ப விட்டமின் ஏ, இதைப் படிக்காம யாரும் போயிடாதீங்க. 1930கள் வரைக்கும் குழந்தை ஊனமா பொறந்தா "பரம்பரை"ன்னு முடிச்சுட்டிருந்தாங்க. 1933ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஃப்ரெட் ஹேல்னு ஒருத்தரு, சினை புடிக்கிறதுக்கு முன்னாடிலேர்ந்தே விட்டமின் ஏ இல்லாத தீனி போட்ட ஒரு பன்னிய பத்தி எழுதினாரு, ஒரே ஈத்துல 11 குட்டி, ஒண்ணுக்குக்கூட கண்ணு முழி இல்ல. அதோட விடல, அந்த மாதிரி கண்ணில்லாத குட்டிங்க வளந்தப்புறம் நல்ல தீனி போட்டு இனம் சேத்துப் பாத்தாரு, அதுங்களுக்குப் பொறந்த குட்டிங்களுக்கு கண்ணு நல்லா இருந்துச்சு. பரம்பரைன்னா எப்படி சரியாகும்? 1940கள்ல ஜோசஃப் வர்க்கனின்னு ஒரு டாக்டரு எலில இதையே பி2 வெச்சு காமிச்சாரு, தாய் எலிக்கு அது பத்தலன்னா குட்டிக்கு அண்ணப்பிளவும் எலும்புக் குறையும் வந்துச்சு. தாயோட சாப்பாட்டுல ஒரு சத்து இல்லாம போறதே குட்டியோட உடம்ப மாத்தும்னு ஜனங்க நம்ப ஆரம்பிச்சது இதுக்கப்புறம்தான்.

ஆனா இதைப் படிச்சுட்டு "அப்ப விட்டமின் ஏ நிறைய போடலாம்"னு கிளம்பிடக்கூடாது. குறைஞ்சாலும் கேடு, கூடினாலும் கேடுங்கிற ஆளு இது. ரெட்டினால் வகைய (உடம்பு மாத்த வேண்டியில்லாத நேரடி விட்டமின் ஏ) ஒரு நாளைக்கு 10,000 ஐயூ (விட்டமினை அளக்குற ஒரு யூனிட்), அதாவது 3000 மைக்ரோகிராமுக்கு மேல கர்ப்பத்தோட ஆரம்பத்துல போட்டா குழந்தையோட முகம், காது, இதயம்னு குறை வர வாய்ப்பு கூடுது. முகப்பருவுக்குக் குடுக்கிற ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைய கர்ப்பத்துல தொடவே கூடாதுன்னு சொல்றதும் அதே குடும்பம்ங்கிறதாலதான். கேரட்ல இருக்கிற பீட்டா கரோட்டின்ல இந்த பயம் கிடையாது, உடம்பு தேவைக்குத்தான் அதை மாத்திக்கும். இந்த டப்பால பாதி ரெட்டினால் வகை, பாதி பீட்டா கரோட்டின், அளவு லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. பிரச்சினை என்னன்னா இதே கம்பெனி "காம்போ ஆஃபர்"னு கூடவே காட் லிவர் ஆயில் கேப்ஸ்யூலையும் தள்ளுது! மீன் ஈரல் எண்ணெய்ல ரெட்டினால் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன. ஒமேகா 3 வேணும்னா சாதாரண மீன் எண்ணெய் வாங்குங்க, ஈரல் எண்ணெய் வேணாம். இந்த காம்போவுக்காகவே இன்னும் அரை ஸ்டார் கட் பண்ணிருக்கேன்.

இங்கேயே இன்னொரு ஆபத்து. சிலருக்கு 400 பத்தாது. முன்னாடி ஒரு குழந்தைக்கு இந்தக் குறை வந்திருந்தா, தம்பதில யாருக்காவது இந்தக் குறை இருந்தா, வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாதிரி மருந்து ஓடிட்டிருந்தா, கர்ப்பத்துக்கு முன்னாடியே சுகர் இருந்தா, டாக்டருங்க 4 இல்ல 5 மில்லிகிராம் எழுதுவாங்க, அதாவது பத்து மடங்கு, இல்ல அதுக்கும் மேல. என் ஃப்ரெண்டு ஒருத்தி வலிப்பு மாத்திரை எடுக்கிறவ, "அப்ப இதுலயே பத்து போட்டுக்கிறேன்டி"ன்னா. ஐயோ வேணாம்னு சொன்னேன், பத்து மாத்திரைல ஃபோலிக் ஆசிட் மட்டுமா பத்து மடங்கு ஆகும், விட்டமின் ஏயும் இரும்பும் சேந்துல்ல ஆகும். பெரிய டோஸ் வேணும்னா ஃபோலிக் ஆசிட் தனி மாத்திரைல சீட்டோட வாங்கணும். அதே மாதிரி வால்ப்ரோயேட்ட பயந்துபோய் தானா நிறுத்திடக் கூடாது, வலிப்பு வந்தா அதுவே பெரிய ஆபத்து, கரு தங்குறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போய் மாத்த முடியுமான்னு கேக்கணும்.

இவங்களே ஒரு "பிரீமியம்" டப்பாவும் விக்கிறாங்க, தங்கக் கலர் மூடி. அதுல ஃபோலிக் ஆசிட் இல்ல, மெத்தில்ஃபோலேட்ங்கிற இன்னொரு வடிவம். எம்டிஎச்எஃப்ஆர்னு, ஃபோலேட்ட உடம்பு பயன்படுத்துறதுல பங்கு இருக்கிற ஜீன் மாறியிருக்கிறவங்களுக்கு ஃபோலிக் ஆசிட் ஏறவே ஏறாதுன்னு ரீல்ஸ்ல பயமுறுத்துறாங்க பாருங்க, அந்த மார்க்கெட்டிங்தான். அந்த ஜீன் மாற்றம் ஏகப்பட்ட பேருக்கு இருக்கு, அவங்க உடம்பும் ஃபோலிக் ஆசிடை எடுத்துக்கும், ரத்த அளவு கொஞ்சம் கம்மியா நிக்கும் அவ்ளோதான். பிறவிக் குறையத் தடுக்கும்னு ஆராய்ச்சில நிரூபிச்சது ஃபோலிக் ஆசிட் வடிவம் மட்டுந்தான்னு அமெரிக்க அரசோட சுகாதார அமைப்பான சிடிசியே தெளிவா சொல்லுது. லேபிள்ல "600 மைக்ரோகிராம் டிஎஃப்ஈ"ன்னு போட்டிருந்தாலும் ஏமாறாதீங்க, அது சாப்பாட்டு ஃபோலேட் கணக்கு, ஃபோலிக் ஆசிட் எவ்ளோன்னு 1.7ஆல வகுத்துக்கணும், கிட்டத்தட்ட 350தான் வரும். 400 வேணும்னா டிஎஃப்ஈ 680 இருக்கணும். கம்மி (அந்த மிட்டாய் மாதிரி மெல்லுறது) வாங்குறவங்களும் ஒரு தடவ பாருங்க, நிறையத்துல இரும்பே இருக்காது.

இன்னொன்னு, டப்பால "ஆரோக்கியமான குழந்தைக்கு உத்தரவாதம்"கிற ரேஞ்சுக்கு எழுதியிருக்காங்க, அது பச்சப்பொய். ஃபோலிக் ஆசிட் நரம்புக்குழாய் குறைல பெரும்பகுதியத்தான் தடுக்கும், எல்லாத்தையும் இல்ல, ஜீன் காரணம், சுகர், மருந்துன்னு வேற வழிலயும் வரும். டவுன் சிண்ட்ரோம் மாதிரி குரோமோசோம் விஷயத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒழுங்கா மாத்திரை போட்டும் அஞ்சு மாச ஸ்கேன்ல குறை தெரிஞ்சவங்க இருக்காங்க, அவங்ககிட்ட போய் "மாத்திரை போடலியா நீ"ன்னு கேக்குற சொந்தக்காரங்களும் இருக்காங்க. இந்த மாதிரி டப்பா வாசகந்தான் அந்த வாய்க்கு தீனி போடுது.

உலகத்துல கிட்டத்தட்ட பாதி கர்ப்பம் பிளான் பண்ணாம வர்றது, அவங்க எந்த டப்பாவ எந்த மாசத்துல வாங்குவாங்க? அதனாலதான் 1998லேர்ந்து அமெரிக்கா மாவுலயே ஃபோலிக் ஆசிட் கலக்கணும்னு கட்டாயம் ஆக்கிடுச்சு, 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம், அதுக்கப்புறம் அங்க இந்தக் குறை நல்லாவே குறைஞ்சுது. 1991 ஆராய்ச்சிய முன்னின்னு நடத்துன பிரிட்டன் மாவுல கலக்கப்போறோம்னு அறிவிச்சது 2021ல! முப்பது வருஷம் என்னத்த யோசிச்சாங்களோ.

திரும்ப வாங்குவேனான்னா, அடுத்த தடவ கரு தங்குறதுக்கு முன்னாடிக்கு 400 மைக்ரோகிராம் தனி ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்குவேன், மொத 12 வாரம் வரைக்கும் அதை விடமாட்டேன், இரும்பும் கால்சியமும் டாக்டர் சொல்றப்ப தனித்தனியா. இந்த டப்பாவே வேணும்னு வாங்குறவங்க காம்போவ மட்டும் தவிர்த்துடுங்க, அயோடினுக்கு தனியா கேட்டுக்கோங்க. கடைசியா மூடி: சும்மா திருகினாலே கழண்டுடுது, சின்னப் பசங்க திறக்க முடியாத டைப் இல்ல. மாத்திரை வேற சிவப்பா பளபளன்னு மிட்டாய் மாதிரி இருக்கு, இரும்பு மாத்திரை கொஞ்சம் அதிகமா உள்ள போனாலே சின்னக் குழந்தை உயிருக்கே ஆபத்து. வீட்ல ஏற்கனவே ஒரு வாண்டு இருந்தா பீரோ மேல்தட்டுல வெச்சு பூட்டுங்க, கட்டில் பக்கத்துல வெக்காதீங்க.